உன் பெயரில் விழாத ஓட்டு

என் உயிரான தேவகி அக்கா,

முடிவு வந்துவிட்டது. ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ காது கொடுத்துக் கேட்க மாட்டாய். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கவுன்சிலர் தேர்தலில் நிற்க வேண்டியவள் நீ. மயிலாப்பூர் கால்வாய் ஓரத்து நம் தெருவுக்கு ஒரு பொதுக் கழிப்பறை கேட்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவளும் நீதான். பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கிற நான் உனக்குத் துணையாக வருவேன், அவ்வளவுதான். மனுத்தாக்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாய். உன் காரியம்கூட முடியவில்லை. தெருப் பெண்கள் என் வீட்டுக்கு வந்து, "நீதான் நிக்கணும் அமுதா" என்றார்கள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. சுயேச்சையாக நின்றேன்.

ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம், வாக்குச்சாவடிக்குள் நமக்கு ஏஜென்டாக உட்கார்ந்திருந்த உன் தம்பி சேகர் அண்ணன் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா பேரு இன்னும் லிஸ்ட்ல கீது. என் பொண்டாட்டிய அனுப்பறேன். கட்சி ஏஜென்ட் டீ குடிக்கப் போய்க்கீறான். யாரும் கேக்க மாட்டாங்க."

"வேணாண்ணா."

"ஒரே ஒரு ஓட்டு. அதுவும் அவளுதுதான். அவ இருந்தா உனக்குப் போட்டிருக்க மாட்டாளா?"

"அக்கா இருந்தா அக்காவே நின்னிருக்கும். வேணாண்ணா."

அவர் உள்ளே போய்விட்டார். உன்னை நினைத்து மறுத்தேனா, மாட்டிக்கொள்வோம் என்கிற பயத்தில் மறுத்தேனா? எனக்கே இன்னும் தெரியவில்லை அக்கா.

இன்று காலை அடையாறில் ஒரு கல்லூரியில் எண்ணினார்கள். கட்சி வேட்பாளர் கலைவாணி எனக்கு எதிரே உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டே இருந்தாள். முதல் மெஷின்கள் எல்லாம் அவள் பக்கம்தான். அடுக்குமாடிக்காரர்கள் ஓட்டுகளில் நான் கொஞ்சம் நெருங்கினேன். நம் தெரு மெஷின் கடைசி. அதைத் திறந்ததும் என் கணக்கு ஏறியது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த சேகர் அண்ணனின் பேனா நின்றது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சமமா இருக்கு" என்றார்.

மறுபடி எண்ணச் சொன்னோம். அப்போதும் அதேதான். சேகர் அண்ணனை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கடைசியில் குலுக்கல் என்றார்கள். எங்கள் இரண்டு பெயரையும் எழுதி, மடித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார்கள். அதிகாரி கையை விட்டுத் துழாவினார். ஒரு சீட்டு வெளியே வந்தது. அவர் அதைப் பிரித்துப் படித்தார்.

"கலைவாணி."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வெளியே வந்ததும் சேகர் அண்ணன், "ஒரே ஒரு ஓட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் பஸ்ஸில் வந்தேன்.

நான் தோற்றதும், உன் பெயரில் அந்த ஓட்டை வேண்டாமென்றதும் எனக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தன. சிலர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பூக்கட்டுகிற முனியம்மா மட்டும் வழிமறித்தாள்.

"செத்தவ பேர்ல கள்ள ஓட்டு வாங்கி ஜெயிச்சிருந்தா, எந்த மூஞ்ச வெச்சிகினு எங்களாண்ட வந்திருப்ப? போ, போய் ஒரு வாய் சாப்டு."

அப்போதுதான் அழுதேன்.

நீ என்ன சொல்லியிருப்பாய் அக்கா? திட்டியிருப்பாயா? உன் தம்பி முகத்தை நினைத்தால் நான் செய்தது சரியென்று அடித்துச் சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை.

நாளைக் காலையில் கலைவாணி வீட்டுக்குப் போகிறேன். அவளுக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் நம் கழிப்பறை மனுவை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அங்கிருந்து நேராகச் சேகர் அண்ணன் வீட்டுக்கு. அவர் கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போவேன். அவர் என்னோடு பேசுகிறவரைக்கும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கூடப் பிறக்காத உன் தங்கை,
அமுதா