மறைச்சொல்லும் பாதி வில்லையும்

மூன்று புறம் கடலும் நான்காம் புறம் தம் வேலும் காவலாக ஆழிமலை நாட்டை ஆளும் கோமான், வேங்கைக்கொடிச் சேயோன் திருவாணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் காரி நக்கன், பூம்புறவூர்க் கல்விச்சாலையின் பேராசான் ஆதன் எழினியார்க்கு விடுக்கும் திருமுகம். உம் ஊரில் மழை பொய்யாதிருக்க. உம் மாணாக்கர் உறங்காமல் பாடம் கேட்க. உம் ஆசிரியர்கள் தாம் வைத்த பொருளை வைத்த இடத்திலேயே காண்க.

நீர் விடுத்த விண்ணப்பம் அரசவையில் வாசிக்கப்பட்டது. ஆசிரியர்தம் ஓலையறைகளைத் திறக்க மறைச்சொல் ஒன்றே காலங்காலமாய்ப் போதுமானதாக இருக்க, இப்போது பாதியாய் வெட்டிய செப்பு வில்லை ஒன்றையும் காட்டச் சொல்வது எதற்கு என்று வினவியிருந்தீர். வில்லை இடுப்பில் குத்துகிறது என்றும், தருக்க ஆசிரியர் தமதை ஆற்றில் விட்டுவிட்டார் என்றும், கற்றோர் ஒருவரையொருவர் ஐயுறுவது அழகன்று என்றும், சொல்லையும் வில்லையையும் சேர்த்துக் காட்டுவது இயலவே இயலாது என்றும் மனமுருக எழுதியிருந்தீர். மன்னர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இடுப்பில் குத்தும் பகுதியை மட்டும் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

தண்குன்றத்துக் கல்விச்சாலையில் நிகழ்ந்தது உமக்கு வதந்தியாக எட்டியிருக்கக்கூடும். நிகழ்ந்தபடியே அறிவிக்கிறோம்.

அங்கும் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் ஓர் ஓலையறை உண்டு. அவர்தம் சுவடிகளும் முத்திரையும் அதற்குள் இருக்கும். சுவரில் உள்ள துளை வழியே மறைச்சொல்லைச் சொன்னால் காவலர் உள்ளிருந்து கதவைத் திறப்பார். ஆள் பார்த்துச் சலுகை காட்டலாகாது என்பதால் காவலர் முகம் பார்ப்பதில்லை. முன்னோர் வகுத்த இந்த நேர்மையான விதியில் ஒரே ஒரு குறைதான் இருந்தது: உள்ளே போகிறவர் யார் என்று எவருக்கும் தெரியாது.

அச்சாலையின் பேராசான் வெண்பூதனார் நல்லவர். ஐவகை இலக்கணமும் வல்லவர். அவர் தேர்ந்த மறைச்சொல் அவருடைய பெயரே. இது தகுமோ என்று கேட்டவர்களிடம், "என் பேரை நானே மறந்துடுவேனா?" என்றாராம். அவர் சொன்னது சரியே. மற்றவர்களும் மறக்கவில்லை.

மன்னரின் பிறந்தநாள் விழாவுக்கு அவர் தலைநகர் வந்திருந்த வேளையில், மருத்துவத் துணையாசிரியன் சாத்தங்குமரன் துளைக்கருகே நின்று பேராசானின் பெயரைச் சொன்னான். கதவு திறந்தது. தன் மேலாசிரியை நீலநங்கையாரின் பதவி மேல் நெடுநாள் கண் வைத்திருந்த அவன், அவர் கடமை தவறியதால் நீக்கப்பட்டார், ஊரை விட்டு உடனே நீங்குக என்று பேராசான் பெயரில் ஓர் ஓலை எழுதி, மெய்யான முத்திரையை இட்டு அனுப்பினான்.

நீலநங்கையார் வழக்காடவில்லை. முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இத்தனை வருஷம் கூட இருந்தவரு, நேர்ல கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் தம் கணவரிடம் சொன்னார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உப்பங்கரையில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மழை தொடங்கியது, மாணாக்கர் விடுதியில் காய்ச்சல் பரவியது. புதிதாய்ப் பதவியேற்ற சாத்தங்குமரன் குளிர்க்காய்ச்சலுக்கும் குடற்காய்ச்சலுக்கும் ஒரே கசாயத்தைப் பாகுபாடின்றி வழங்கினான். சாலைக்குத் திரும்பிய வெண்பூதனார், நீலநங்கை எங்கே என்று கேட்டார். அவர் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட ஓலையின் முத்திரையிட்ட படியை அவரிடமே காட்டினர். "முத்திரை என்னோடதுதான். ஆனா நான் போடலையே!" என்று அவர் அலறினார். ஓலை எழுதப்பட்ட நாளில் அவர் மன்னருக்கு எதிரே அமர்ந்து பாயசம் அருந்தியதை அவையே கண்டிருந்ததால், அவரை எவரும் ஐயுறவில்லை. பதவி யாருக்குக் கிடைத்ததோ அவனை விசாரித்தனர், அவன் ஒப்புக்கொண்டான்.

பிழை தெரிந்ததும் அது தீர்ந்துவிட்டதாகவே பேராசான் எண்ணினார். திரும்பி வருக என்று முத்திரையிட்ட ஓலையை உப்பங்கரைக்கு விடுத்தார். நீலநங்கையார் அதைத் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னதைத் தூதன் சொன்னபடியே தருகிறோம்: "முதல் ஓலையிலயும் இதே முத்திரைதான் இருந்துச்சு. அதை நம்பித்தான் வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தேன். இப்ப எதை நம்பித் திரும்பி வர்றது?"

தாம் தாமே என்று காட்டப் பேராசானிடம் இருந்தவை ஒரு சொல்லும் ஒரு முத்திரையும். இரண்டும் பிறர் கை பட்டவை. ஆகவே அந்த முதிய வயதில் மாட்டுவண்டி ஏறினார். வழியில் வண்டி சேற்றில் புதைய, எஞ்சிய தொலைவை நடந்தே கடந்து, சொட்டச் சொட்ட நனைந்து அவ்வீட்டு வாசலில் நின்றார்.

"நான்தாம்மா" என்றார்.

நீலநங்கையார் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். "தெரியுது. உள்ள வாங்க. முதல்ல தலையைத் துவட்டுங்க" என்றார். மழை விடும் வரை காத்திராமல் அவருடனே கிளம்பினார்.

விடுதியில் கிடந்தோர் பெரும்பாலும் பிழைத்தெழுந்தனர். இருவருக்கு மட்டும் அவர் வரவு பிந்திப்போயிற்று. ஒருவன் பெயர் இளம்பூவன், மற்றவன் நெய்தலன். வில்லை குத்துகிறது என்று முறையிடுவோர்க்கு இவ்விரு பெயர்களையும் தெரிவிக்க வேண்டும் என்பது மன்னர் ஆணை. சாத்தங்குமரன் உப்பளத்துக்கு அனுப்பப்பட்டான். அங்கு மறைச்சொல் ஏதும் தேவைப்படுவதில்லை.

அதன் பின்னரே, நாவில் ஒரு சான்று, கையில் ஒரு சான்று, இரண்டும் ஒத்தாலன்றிக் கதவு திறவாது என்னும் சட்டம் பிறந்தது. ஆசிரியர் கையில் வில்லையின் ஒரு பாதி. காவலர் கையில் மறு பாதி. கோணலாய் வெட்டிய விளிம்புகள் பொருந்த வேண்டும். சொல்லைத் திருடியவனுக்கு வில்லை வாய்க்காது. வில்லையைக் கண்டெடுத்தவனுக்குச் சொல் தெரியாது. ஆற்றில் விட்ட தருக்க ஆசிரியர் தலைநகர்க்கு நேரில் வந்து புதியது பெறுக. எந்த ஆற்றில் விட்டார் என்பதை மீனவர்க்குச் சொல்லாதிருக்க. கற்றோர் ஒருவரையொருவர் நம்புவதை நாம் தடுக்கவில்லை. கதவு மட்டும் எவரையும் நம்ப வேண்டா.

அடுத்த முழுநிலவுக்குள் உம் சாலையின் ஆசிரியர் அனைவரும் வில்லையைக் கைக்கொள்க. மறுப்போரின் அறை மூடியே கிடக்க.

இத்திருமுகத்தைக் கொணர்பவர் நீலநங்கையாரே. உம் வில்லையின் மறு பாதியை அவர் கையில் கொடுத்துள்ளோம். உம் வாயால் மறைச்சொல்லைக் கேட்டு, இரு பாதிகளையும் பொருத்திப் பார்த்து, பின்னரே இவ்வோலையின் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று பணித்துள்ளோம். அவர் இளகுபவர் அல்லர். எனவே இவ்வரியை நீர் வாசிக்கின்றீர் எனில், இயலவே இயலாது என்று நீர் எழுதியதை இப்போதுதான் செய்து முடித்திருக்கிறீர். அவருக்குச் சுடுசோறு இடுக; நெடுந்தொலைவு வந்திருக்கிறார்.

மன்னர் கேட்க எழுதி, மன்னர் காண வேங்கை முத்திரை இட்டோம். இது ஆணை, நிறைவேறுக.