ஓதின தண்ணீரும் இல்மாவின் படிப்பும்

எத்தாளை,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்பு மகள் இல்மாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் சுகம். வாப்பாவின் முழங்கால் நோவும் என் பிரஷரும் எங்களைவிட்டுப் பிரிய மனமில்லாமல் இருக்கின்றன, அதைவிட வேறு குறை இல்லை. மலேசியாவில் நீயும் சுகமாக இருந்து, வேளைக்கு நூடில்ஸ் அல்லாத எதையாவது சாப்பிட வேண்டும் என்பது என் துஆ. இந்தக் கடிதத்தை என் தம்பி மகன் றுமைஸிடம் கொடுத்துவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறுகிறான். கூடவே கட்டாக் கருவாடும் வருகிறது, ஐந்து பையில் சுற்றியிருக்கிறேன், அப்படியும் மணம் வந்தால் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுவேன் என்று இப்போதே பயமுறுத்துகிறான்.

இங்கிலாந்தில் தொற்றுநோயியல், கொழும்பில் சுற்றாடல் சுகாதாரம், இரண்டு மாஸ்டர்ஸுக்கும் இடம் கிடைத்திருக்கிறது, மாதம் முடிய முன் ஒன்றுக்கு ஓம் சொல்ல வேண்டும், எது நல்லம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். ஆறு வருசமாகத் தலைமயிர் வெட்டுவதற்குக்கூட எங்களைக் கேட்காத பிள்ளை இப்படி ஒரு பெரிய பாறாங்கல்லைத் தூக்கி எங்கள் தலையில் வைத்துவிட்டாய், பரவாயில்லை. உன் மாமி கைருன்னிஸாவிடம் சொன்னேன், அப்ப டொக்டரா என்றா, இல்லை என்றேன், நர்ஸா என்றா, அதுவும் இல்லை என்றேன், அப்ப நுளம்பு தேடிப் பூச்சட்டியைக் கவிழ்க்க வாற சுகாதார இன்ஸ்பெக்டர், பி.எச்.ஐ. மாத்தயாவா, அதுக்கா புள்ளைய இவ்வளவு காலம் வெளியில வெச்சிருக்கீங்க என்று தாடையில் கை வைத்தா. நீ எனக்கு விளங்கப்படுத்தின மாதிரியே நானும் சொன்னேன், ஒன்று யாருக்கு எங்கே எப்போது என்ன நோய் வந்தது என்று ஆட்களைக் கேட்டு, எண்ணி, காரணத்தைத் தேடுகிற படிப்பு, மற்றது தண்ணீரிலும் காற்றிலும் மண்ணிலும் இருப்பது உடம்பை என்ன செய்கிறது என்று பார்த்து அதைச் சரிப்படுத்துகிற படிப்பு என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு இவ்வளவும் சொல்ல ஏலாது, டொக்டர் எண்டே சொல்லிடுவோம் என்று முடித்துவிட்டா.

வாப்பா இரண்டு நாளாக நீ எழுதினதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். மூன்றாம் நாள் மிளகாய்த் தோட்டத்திலிருந்து வந்தவர் கை கழுவ முன்னமே, நம்மட கிணறுகளைச் சோதிச்சுப் பாத்தா விடை வந்துரும் என்றார். நாங்கள் போடுகிற உரமெல்லாம் இந்த மணலுக்குள் இறங்கிக் கிணற்றுக்குத்தானே போகிறது, தண்ணீர் பழுது என்றால் மகள் தண்ணீரைப் படிக்கிறதுதான் சரி, அது கொழும்பில் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. உள்ளே என்ன ஆசை என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதே ஆசைதான். ஆனால் நீ படித்து வந்தால் உன் முதல் வழக்கு கிணற்றடியில் யூரியா மூட்டை அடுக்கி வைத்திருக்கிற அவர் மேல்தான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

புத்தளத்தில் தண்ணீர் சோதிக்கிற இடத்தில் விசாரித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, தன் பெயரைச் சொல்லி, சுஹைர் நானாட மகள்ட படிப்புக்காக வீட்டுக்கு ஒரு போத்தல் தண்ணி கொண்டுவந்து பள்ளி விறாந்தையில வைங்க என்று பள்ளிவாசலில் அறிவிக்கச் செய்தார். கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லச் சொல்லவில்லை, சோதிக்க என்றும் சொல்லச் சொல்லவில்லை. நம் ஊரில் பள்ளி விறாந்தையில் தண்ணீர்ப் போத்தலை எதற்கு வைப்பார்கள், சொல் பார்ப்போம், ஓதிக் குடிக்கத்தானே! பின்னேரம் அஸருக்கு நாற்பத்தொரு போத்தல், எல்லாம் மூடி திறந்தபடி வரிசையில். கனமூலையிலிருந்து புதிதாக வந்திருக்கிற மௌலவி பாவம், நீ எழுதப்போவது பெரிய சோதனையாக்கும் என்று நினைத்துக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓதி ஊதியிருக்கிறார். பொழுதுபட மஃரிபுக்கு வாப்பா லேபலும் பேனாவுமாகப் போனால் ஒரு போத்தல்கூட இல்லை. சனம் எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய், உனக்கு துஆ கேட்டுவிட்டு, ஓ.எல். சோதனை எழுதுகிற தங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு மடக்கு கொடுத்துவிட்டார்கள். உன் படிப்புக்காக முழு ஊரும் தண்ணீர் குடித்து முடித்துவிட்டது மகள். வாப்பா வந்து படியில் உட்கார்ந்த முகத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்குக் கோபித்து, இரவுச் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

சிரித்த பாவத்துக்கு நேற்று நானே கொப்பியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீடு ரபியா தாத்தா, எனக்கு மூத்த சகோதரி மாதிரி, நமக்குப் பக்கத்து வேலி. இன்னொரு போத்தல் தாங்க என்றதும் ஃபில்டர் தண்ணீர்க் கேனைச் சரித்தா, கிணத்துத் தண்ணி தாங்க என்றேன். அன்டைக்கும் இதத்தானே வெச்சேன், ஓதிக் குடிக்கிறதுக்குக் கெணத்துத் தண்ணியக் கொண்டு வாறதா, எனக்கென்ன பைத்தியமா என்றா. போன வீடெல்லாம் இதே பதில்தான். நாற்பத்தொரு போத்தலில் ஒன்றாவது கிணற்றுத் தண்ணீராக இருந்திராது, நாம் வைத்ததும் ஃபில்டர் தண்ணீர்தான், நானே ஊற்றினேன், அந்த நேரம் யோசிக்கக்கூட இல்லை. சோதனை எதுவும் செய்யாமலே முழு ஊரும் தன் கிணற்றைக் கைவிட்டிருக்கிறது, அதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிறகு நான் தண்ணீரைக் கேட்பதை விட்டுவிட்டேன். எப்ப தொட்டு ஃபில்டர் தண்ணீர், ஏன் மாறினீங்கள், வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். ரபியா தாத்தா கிட்னியில் வருத்தம் என்று டொக்டர் சொன்னதை ஒரு வருசமாகப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வைத்திருந்தா, என்னிடம் சொன்னா. இன்னொரு வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள் மவுத்தாகி அடக்கின கதை, தாய் இருவருடைய பெயரும் சொன்னா, அழவில்லை, நான்தான் அழுதேன். தண்ணீருக்குத்தான் இப்படி ஆனதா என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதைக் கேட்டுப் பார்க்க ஒருத்தரும் இதற்கு முன் வரவில்லை. ஏழு வீட்டில் கொப்பி முடிந்துவிட்டது, தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம்தான், மிச்சமெல்லாம் ஆட்கள்.

திரும்பி வரும்போது வேலியடியில் ரபியா தாத்தா, இவ்வளவும் எழுதுறியே மர்ளியா, இத யார் வாசிக்கப்போறது என்று கேட்டா. என் மகள் என்று சொல்லிவிட்டேன். நான் கொழும்பு என்று எழுதத்தான் நினைத்திருந்தேன் மகள், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸில் வந்து இறங்குவாய் என்று உன் அறைக்குப் புதுத் திரைச்சீலையும் தைத்துவிட்டேன். ஆனால் இந்தக் கொப்பியை வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஆட்களைக் கேட்டு எண்ணுகிற படிப்பு அதுதான் என்றால் நீ இங்கிலாந்துக்கே போ. கிணறுகளைத் திருத்த வேறு பிள்ளைகளும் படிப்பார்கள், நம் பெண்கள் மனதுவிட்டுச் சொல்வது நம் வீட்டுப் பிள்ளையிடம்தான். வாப்பாவுக்கும் சொல்லிவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர் திரும்பி வந்து, குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கச் சொல்லி எழுது என்றார்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக, போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்களைக் காட்டுவானாக. ஐந்து நேரத் தொழுகையை விடாதே, தலைக்கு எண்ணெய் வை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கடிதத்தை வாசித்து முடித்த கையோடு இங்கிலாந்துக்கு ஓம் என்று அனுப்பிவிட்டுப் பிறகு எனக்குக் கோல் எடு. முதலில் எடுத்தால் என் குரலைக் கேட்டு நீ கொழும்புக்கே வருகிறேன் என்று சொல்லிவிடுவாய், நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை அனுப்பவும் மனமில்லாத, தடுக்கவும் மனமில்லாத
உம்மா மர்ளியா