மற்றும் பலர்

கள்ளிக்குப்பம்,
14-11-1971

வேலூர் சிறையில் இருக்கும் தோழர் திருவேங்கடத்துக்குத் துலுக்கானம் எழுதுவது. உனக்கு முன்பே இதைப் பிரித்துப் படிக்கப்போகும் ஜெயிலர் ஐயாவுக்கும் என் வணக்கம். அவரும் கவனமாகப் படிக்கட்டும்.

நோட்டீசில் இருந்த என் பெயரை நீ அடித்துவிட்டாய். அச்சில் விட்டுப்போயிற்று என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை பூந்தமல்லிக்குப் போய் அச்சகக்காரர் கஜபதியிடம் சண்டை போட்டேன். அவர் பழைய புரூஃபைத் தேடி எடுத்துக் காட்டினார். உன் பச்சை மசி. ஒரே கோடு.

ஜெயிலர் ஐயாவுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நசரத்பேட்டைப் பக்கத்து அரிசி மில்லில் நெல் காயவைக்கும் எட்டுப் பெண்களை ஒரே நாளில் நிறுத்தினார்கள். மில்லின் புகைபோக்கியைத் தகர்ப்பது என்று எங்கள் படிப்பகத்தில் ஐந்து பேரும் கைதூக்கி முடிவெடுத்தோம். திருவேங்கடம், சம்பத், ஆனந்தன், குணசேகரன், நான். தகர்த்த இடத்தில் காரணத்தை விளக்கி நோட்டீஸ் போட வேண்டும் என்றது நான். வாசகமும் நான் எழுதியதே. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் எழுத்துக் கற்றவன் எழுதியது. அதில் ஒரு சொல்லை இன்றும் மாற்ற மாட்டேன்.

கஜபதி கல்யாணப் பத்திரிகையும் கூட்ட நோட்டீசும் அடிக்கிறவர். வாசகத்தை அவர் படிக்கவேயில்லை. "இன்னா அண்ணாத்தே, அடியில மொட்டையா கீது? பேரு போடலைன்னா நோட்டீஸ் மாதிரியே இல்லியே" என்றார். எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. தலைமை திருவேங்கடம், முன்னிலை துலுக்கானம், வரவேற்புரை சம்பத், விளக்கவுரை ஆனந்தன், நன்றியுரை குணசேகரன், மற்றும் பலர். தலைமை யாருக்கு என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். பெயரே எதற்கு என்று ஒருவனும் கேட்கவில்லை.

வெடிமருந்து, திருவிழா அதிர்வேட்டுக்காரரிடம் வாங்கியது. மழையில் நனைந்ததை நான் முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன். எதிர்வீட்டு வேம்புலியம்மாள் கரிப்பல்பொடி என்று நினைத்து இரண்டு பிடி அள்ளிப்போய், ஒரு வாரம் பல் துலக்கியிருக்கிறாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று என்னிடமே குறை சொன்னாள். மீதியை வைத்தோம். புகைபோக்கியில் கரி படிந்தது; அதில் ஏற்கெனவே கரிதான். சம்பத்துக்கு ஒரு புருவம் போயிற்று. நோட்டீஸ் மட்டும் இருநூறும் நன்றாகப் பறந்தது.

மறுநாள் போலீஸ் நோட்டீஸ் வரிசைப்படியே வந்தது. தலைமையில் தொடங்கி நன்றியுரையில் முடித்தார்கள். நான் வெளுத்த வேட்டி கட்டி, இரைப்பு மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஜீப் என்னைத் தாண்டிப் போயிற்று. அடுத்த நாள் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நோட்டீசில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். "உன் பேரு எங்க கீது பெருசு? மற்றும் பலர்ல நீயும் ஒருத்தன்னு வெச்சிக்கினு ஊட்டுக்குப் போ" என்றார். டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

நீ சொன்ன காரணத்தையும் கஜபதி சொன்னார். "பெருசுக்கு இரைப்பு கீது, உள்ள போனா திரும்பாது" என்றாயாம். ஆக, பெயர் போட்டால் பிடிப்பார்கள் என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தப் பேனா உன் பெயரையும் அந்த மூன்று பேரின் பெயரையும் ஏன் தொடவில்லை? உன் மனைவி வடிவு அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. தலைமை என்பதற்குப் பக்கத்தில் உன் பெயரை அச்சில் பார்த்ததும் அதை அடிக்க உனக்குக் கை வரவில்லை. எனக்கும் வந்திருக்காது. ஆனால் எனக்காகக் காத்திருக்க யார் இருக்கிறார்கள்? உள்ளே போக வேண்டியவன் நான்.

மில் காவல்காரர் அய்யாசாமிக்கு வேலை போய்விட்டது. காது மந்தம், வெடித்தது கேட்கவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேருக்காகப் போய் ஒன்பதாக்கிவிட்டு வந்தோம். மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

படிப்பகச் சாவி என்னிடம் இருக்கிறது. காலையில் திறந்து, வழக்கம்போல் பேப்பரை உரக்கப் படிக்கிறேன். முன்பெல்லாம் குணசேகரன் வரிக்கு வரி மறித்துக் கோணல் கேள்வி கேட்பான். தலையங்கம் முடிய மத்தியானமாகும். இப்போது அரைமணியில் முடிந்துவிடுகிறது. பிறகு விளம்பரங்களைப் படிக்கிறேன். நம் கூட்டத்தைப் போலீஸ் பிடித்துப்போனதிலிருந்து அங்கே யாரும் காலெடுத்து வைப்பதில்லை.

ஆகையால் செய்ய வேண்டியவை. மருந்தை உலர்த்தியதும் கலந்ததும் துலுக்கானம்தான் என்று சம்பத் வக்கீலிடம் சொல்ல வேண்டும். எல்லாம் தன் வேலை என்று பீற்றியது போதும். குணசேகரன் அய்யாசாமியிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். அவனுக்கு எழுத வராது, ஆனந்தன் எழுதித் தர வேண்டும். அதை அய்யாசாமி வீட்டு வாசலில் நின்று நான் சத்தமாகப் படிப்பேன். வடிவு முத்தாபுதுப்பேட்டையில் தாய்வீட்டில் இருக்கிறாள். பிள்ளை பிறந்து அவள் நடமாடத் தொடங்கியதும் நான் அங்கே உன்னிடம் அழைத்துவருகிறேன். நீ தலையைக் குனியாமல் அவளிடம் பேச வேண்டும். ஜெயிலர் ஐயா இந்தக் கடிதத்தில் முத்திரை குத்தி இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும். முன்னிலை துலுக்கானம் என்று இருந்தது, நான்தான் அடித்தேன் என்று நீ உன் கைப்பட எழுதித் தர வேண்டும். நீங்கள் நால்வரும் படுக்கும் இடத்தில், இன்று முதல், ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் படுக்க வேண்டும்.

இப்படிக்கு,
துலுக்கானம்