காலியாக விடக் கூடாத கட்டம்

செவ்வாய், தென்முனை நிலையம்
நாள் 212. நேரம் 09:10. ஆக்சிஜன் 20.7 சதவீதம்

எழுதுறது ஜெனோவா, பாசித் தொட்டிப் பொறுப்பு. இங்க நான் ஒருத்திதான். தொட்டில வளர்ற பச்சைப் பாசிதான் எனக்கு மூச்சு. அடுத்த கப்பலுக்கு 140 நாள் இருக்கு.

செய்த செயல்: வெளிச்சம் இரண்டு புள்ளி கூட்டினேன்.

கூட்ட அவசியமே இல்ல. ஆனா பூமிக்குப் போறது 'செய்த செயல்' கட்டமும் ஆக்சிஜன் எண்ணும்தான், மத்த குறிப்பெல்லாம் எனக்கு. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா பூமில இருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்துடும். எனக்கு முன்னாடி இருந்த லின், மலேசியால ஈப்போக்காரர், தினமும் அதுல "பார்த்தேன்"னு மட்டும் எழுதுவாரு. பழைய சீன ஞானிங்களோட தாவோ வழின்னு பேசுவாரு. சும்மா இருக்கத் தெரிஞ்சவன் கையில எதுவும் கெடாதாம். அதுக்கே அவரைத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க.

நாள் 219. 13:40. ஆக்சிஜன் 20.1

பாசி வெளுக்குது. பூமில மூணு ஷிஃப்ட். காலைல வர்றவன் வெளிச்சத்தைக் கூட்டுங்கிறான். மத்தியானம் வர்றவன் குறைங்கிறான். மூணாமவன் சத்துநீர் ஊத்துங்கிறான். ஆளாளுக்கு நாட்டாமை. அவனவன் கட்டம் நிரம்பணும்.

செய்த செயல்: சொன்ன எல்லாத்தையும்.

நாள் 224. 11:05. ஆக்சிஜன் 19.4

தலைவலி. பழைய பதிவையெல்லாம் உக்கார்ந்து புரட்டினேன். எது செஞ்சாலும் பாசி அஞ்சு நாள் கழிச்சுதான் பதில் சொல்லுது. நாம எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோண்டுறோம். எங்க தூத்துக்குடில குழம்புல மீன் வெந்துட்டா, உடைஞ்சிடும்னு யாரும் கரண்டி போட மாட்டாங்க. சட்டியைத் துணியால புடிச்சு ஒரு சுழற்று, அவ்வளவுதான். இங்க ஒரே சட்டில மூணு கரண்டி.

ரெண்டு வாரம் தொடாம விடுங்கன்னு கேட்டேன். மேற்பார்வையாளர் வேலவன் பதில்:

"இங்கே தினமும் டிவியில் இதுதான் விவாதம். ஆக்சிஜன் குறைகிறதே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை என்று நான் எப்படிம்மா சொல்வேன்? ஏதாவது செய்யுங்கள்."

அடப் போய்யா. மூச்சு எனக்கு, படபடப்பு உனக்கா?

நாள் 225. 08:00. ஆக்சிஜன் 19.2

செய்த செயல்: சத்துநீர் நாற்பது மில்லி ஊற்றினேன்.

பொய். கையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். இனிமே எட்டு மணி நேரத்துக்கு ஒரு பொய். கை பரபரங்குது. சும்மா இருக்கிறது இவ்வளவு அசதியான வேலைன்னு லின் சொல்லவே இல்ல.

நாள் 238. 10:15. ஆக்சிஜன் 20.5

பச்சை! மாதாவே, பச்சை! தொட்டிக் கண்ணாடில கன்னத்தை வச்சு அழுதுட்டேன். லின், நீங்க சொன்னது சரிய்யா.

செய்த செயல்: சத்துநீர் நாற்பது மில்லி. (ஊத்தல.)

நாள் 240. 12:30. ஆக்சிஜன் 20.7

வேலவன் செய்தி:

"வாழ்த்துகள்! தங்கள் செயல்முறை அபார வெற்றி. தாங்கள் பதிவு செய்தபடியே அனைத்தையும் தானியங்கியாக மாற்றிவிட்டோம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சத்துநீர் தானே இறங்கும். மனிதத் தவறு நேராதிருக்கத் தொட்டி அறைக் கதவை இங்கிருந்தே பூட்டிவிட்டோம். இனி ஓய்வெடுங்கள்."

அய்யோ. நான் ஒரு சொட்டு கூட ஊத்தல, எழுதினது அத்தனையும் பொய்னு உடனே அனுப்பிட்டேன்.

அதே நாள். 15:20

"தனிமையில் இப்படியெல்லாம் தோன்றும். பயப்படாதீர்கள். பாசி பச்சையாக இருக்கிறதே, அது பொய் சொல்லுமா? மருத்துவரிடம் பேசியிருக்கிறேன்."

பம்ப் ஓடுற சத்தம் கேக்குது.

நாள் 251. 09:00. ஆக்சிஜன் 18.1

தொட்டி அறைக் கதவும் மசியல, அதோட தடிக் கண்ணாடியும் உடையல. ரெஞ்சுதான் வளைஞ்சுது. கரண்ட்டை வெட்டினா ஹீட்டரும் நின்னுடும், ஒரு மணி நேரத்துல விறைச்சுப் போவேன். தொட்டி மஞ்சளாயிருச்சு. ஆக்சிஜன் குறையுதேன்னா, சத்துநீரைக் கூட்டுறோம்ங்கிறாங்க. லின்னைக் கேளுங்க, அவருக்குப் புரியும்னு கெஞ்சினேன். அவர் வேலையை விட்டுப் போயிட்டாராம். கோபப்படக்கூடத் தெம்பில்ல. பொய் எழுதினது நான்தானே.

நாள் 262. ஆக்சிஜன் 14.6

நாலு வார்த்தைக்கு ஒரு தடவை... மூச்சு வாங்குது. கப்பலுக்கு இன்னும் தொண்ணூறு நாள். இதைப் படிக்கிறவங்களே... அடுத்த தொட்டிய... தொடாதீங்க. உண்மைய மட்டும் எழுதுங்க.

பம்ப் திரும்ப ஓடுது. கண்ணாடி வழியாத் தெரியுது.

பதிவேடு மூட மாட்டேங்குது. கட்டம் காலியா இருக்காம்.

செய்த செயல்: பார்த்தேன்.