தண்ணீரில் அரைத்த குப்பைமேனி

என் தங்கமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மா பேருக்குச் சாப்பிடுகிறாள். முல்லைத் தோட்டத்துக்குச் சித்தப்பாதான் தண்ணீர் பாய்ச்சினார், போன வாரம் வரை. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அவருக்கும் காலில் புண், அப்பா. உங்களைப் போலவே சர்க்கரை. மண்வெட்டி பட்ட காயத்தில், குப்பைமேனி இலையைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கட்டியிருக்கிறார். நேற்றுப் பார்த்தேன், சுண்டுவிரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கெஞ்சினேன்.

"அண்ணன் லேட்டாத்தான் கட்டுனாரு, நான் மொத நாளே கட்டிட்டேன். நீ கண்டுபுடிச்ச மருந்த நீயே வேணாங்குறியே, என்னம்மா இது?" என்று சிரிக்கிறார்.

எல்லாம் என் ஆராய்ச்சி லேப்பிலிருந்து நான் அனுப்பிய போட்டோவால் வந்தது. கிருமி வளர்த்த தட்டில், குப்பைமேனிச் சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் கிருமி இல்லாத வளையம். அதை நீங்கள் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் காட்டாத ஆளே இல்லை. சாறு விட்டதும் ஊதாக் கரைசல் மஞ்சளாக மாறிய வீடியோவையும் காட்டி, "செல்லு கெடாம காக்குற சத்தும் எலையில இருக்காம்ல" என்று என்னை விட நன்றாக வகுப்பெடுத்தீர்கள்.

அது மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுத்த சாறு, அப்பா. மெத்தனால் விஷம். எந்த மனிதப் புண்ணிலும் நான் அதை வைத்துப் பார்த்ததில்லை. தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்துவிடுமா?

ஒருநாள் லேப்பில் இருக்கும்போது போன் செய்தீர்கள். "அம்மாடி, சும்மா தண்ணியில அரைச்சாலும் கேக்குமா?" என்றீர்கள். தண்ணீர்ச் சாறு வைத்த தட்டு என் கையில்தான் இருந்தது. அதில் வளையமே இல்லை. உங்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று, "கேக்கும்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யாருக்குப் புண் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கக் கூடாதா? நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா? மூன்று வாரம் அதைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நடந்திருக்கிறீர்கள். காய்ச்சல் வந்த பிறகுதான் அம்மாவே எனக்குச் சொன்னாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை முற்றித்தான் நீங்கள் இறந்தீர்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஐயோ அப்பா, எப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள்.

இதை முடித்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். அம்மாவையும் அழைத்துப் போகிறேன். அந்த போனில் நான் சொன்னது பொய் என்று இருவர் முன்னாலும் சொல்வேன். அதன்பிறகு அவர்கள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். பரவாயில்லை. சித்தப்பாவை ஆட்டோவில் ஏற்றாமல் திரும்ப மாட்டேன், இது சத்தியம்.

நீங்கள் நம்பிக் கேட்ட
உங்கள் மூத்த மகள்,
மரியசெல்வி