நீங்கள் நடக்காத நடைக்கு ஒரு பில்

எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் நெய் வாசனை போகாத என் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. கபர்ஸ்தானுக்குள் பெண்கள் வருவதை நம் ஜமாத்தில் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் தம்பி வந்து உங்கள் தலைமாட்டில் நிற்கிறானே, அவன் நல்லதை மட்டும்தான் சொல்லியிருப்பான். மற்றதை நான் சொல்கிறேன்.

உங்கள் மேல் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் இருப்பதாக அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். அதைக் கட்டவிடாமல் நான் தடுக்கிறேன் என்று இத்தனை நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், போய்விடுவாள். அது எப்படிப்பட்ட கடன் என்று உங்களுக்கும் தெரியாது. அதற்குள் நீங்கள்தான் போய்விட்டீர்களே.

கடப்பாக்கத்தில் நம் வாசலில் பிரியாணி தேக்சாவைக் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னவள் நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஆபரேஷன், இடுப்புக்குள் வைக்கும் உலோகப் பந்து, மருந்து, ஐந்து நாள் ரூம், எல்லாம் அடக்கம் என்று பேனாவால் எழுதி சீல் குத்தியிருந்தது. நான் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் படுத்தபடியே சிரித்தீர்கள்.

"இன்னாமா அதையே பாத்துகினு கீற? எழுதிக் குடுத்துட்டாங்க இல்ல? அதோட முடிஞ்சிது."

உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். கல்யாணச் சமையலுக்கு நீங்கள் போட்டுக் கொடுக்கும் லிஸ்ட் அப்படி. மேலே 786, அரிசி இத்தனை கிலோ, கறி இத்தனை, ஆள் கூலி, கீழே ஒரே ஒரு தொகை. கல்பாக்கம் கல்யாணத்துக்கு லிஸ்ட் கொடுத்த பிறகு வெங்காயம் இரண்டு மடங்கு ஏறியது. பெண்ணின் அப்பாவே கூடக் கொடுக்க வந்தார். "நான் சொன்னது சொன்னதுதான் பாய்" என்று அனுப்பிவிட்டீர்கள். அந்த மாதம் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. ஊரில் எல்லோரும் உங்களைப் போலவே லிஸ்ட் எழுதுவார்கள் என்று யார் அத்தா உங்களுக்குச் சொன்னது?

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்தது. வியாழன் சாயங்காலம் மூச்சுத் திணறல் வந்து ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். வாயில் குழாய் போட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கள் காலை பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார்.

கீழே பில்லிங் கவுன்டரில் ஐந்தரை லட்சம் என்றார்கள். என் ஆபீஸ் லோன், தம்பி கடையின் முதல், அம்மாவின் வளையல் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் கட்டினோம். மீதியைக் கட்டினால்தான் பாடியைத் தருவோம் என்றார்கள். ஒன்பதரை மணிக்குக்கூட உங்களை 'பேஷண்ட்' என்றுதான் சொன்னார்கள். பணத்துக்காக மையித்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

இங்கே ஊரில் கபர் வெட்டியாகிவிட்டது. குளிப்பாட்டுகிறவர்கள் வந்து காத்திருந்தார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் அடக்கிவிட வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். கவுன்டரில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். தம்பி கையெழுத்துப் போட்டான். பில் முழுதும் சரி, எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, பாக்கியை ஒரு மாதத்தில் கட்டுகிறோம் என்று அதில் இருந்தது. சிறுசேரியில் நாள் முழுக்க அடுத்த கம்பெனிகளின் பில்லைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் பக்கத்திலேயே நின்றேன். நானும் படிக்கவில்லை.

அது போதாதென்று பள்ளிவாசலில் இன்னொன்று நடந்தது. ஜனாசா தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து நின்று, இறந்தவருடைய கடனுக்குத் தான் பொறுப்பு என்று சொல்வது வழக்கம்தானே. தம்பி அழுதுகொண்டே சொன்னது மைக்கில் நம் வீடு வரைக்கும் கேட்டது.

"எங்க அத்தா யாருக்காச்சும் குடுக்க வேண்டியது இருந்தா என்னாண்ட வாங்க, நான் குடுக்கறேன். ஆஸ்பத்திரி பாக்கி ஒன்றரை லட்சமும் என் பொறுப்பு."

கடைசி வரியை அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஊர் முன்னால், உங்கள் தலைக்கு நேராக நின்று சொல்லிவிட்டான். அம்மாவுக்கு அதோடு அது உங்கள் கடன் ஆகிவிட்டது.

நிஜமாக நீங்கள் கொடுக்க வேண்டியிருந்தது ஒரே ஒருவருக்குத்தான். விறகுக்கடை அண்ணன் மூன்றாம் நாள் வந்து வாசலிலேயே நின்றார். "எழுநூறு ரூபா இருந்திச்சிமா. நான் உட்டுட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். அவரு கையால எத்தினி தபா துன்னுகீறேன்." தம்பி அவர் சட்டைப் பையில் பணத்தைத் திணித்தான். நிஜமாகப் பணம் வரவேண்டியவர் கூச்சப்பட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பதினோராம் நாளே போன் செய்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் விவரமான பில்லைக் கேட்டேன். இரண்டு முறை எழுதிக் கேட்ட பிறகு பதினான்கு பக்கம் தந்தார்கள். ஐ.சி.யூ. செலவை நான் மறுக்கவில்லை அத்தா. அது எஸ்டிமேட்டில் இல்லாத செலவு, யாரும் எதிர்பார்க்காதது, கட்டியாயிற்று. ஆனால் எஸ்டிமேட்டில் அடக்கம் என்று எழுதிய உலோகப் பந்துக்குத் தனியாக விலை போட்டிருந்தார்கள். பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த மருந்தைக் கழிக்கவில்லை. உங்கள் வாயில் குழாய் இருந்த மூன்று நாளும் காலையில் இட்லி, மதியம் பத்தியச் சாப்பாடு. பதினோராம் பக்கத்தில் நடைப் பயிற்சி. வெள்ளி இரண்டு வேளை, சனி இரண்டு வேளை, ஞாயிறு இரண்டு வேளை.

எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம் வந்தது. சனிக்கிழமைதோறும் போனேன். கவுன்டரில் டை கட்டிய ஒரு பையன், மரியாதைக்குக் குறைவில்லை. "சிஸ்டத்துல அப்டித்தான் வருது மேடம். உங்க பிரதரே சைன் பண்ணிகிறாரே" என்பான். ஒவ்வொரு வாரமும் முதல் தடவை பார்ப்பது போலவே என்னைப் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா. "ஜனாசா முன்னால குடுத்த வாக்குடி. நீ பக்கத்தப் பொரட்டிகினு இரு. அவரு அங்க கடனோட மாட்டிகினு கெடக்காரு." பொய்யாக எழுதியது எப்படிக் கடனாகும் என்று கத்தினேன். உங்கள் முன்னால் ஒருநாளும் அம்மாவிடம் அப்படிக் கத்தியதில்லை.

போன சனிக்கிழமை அம்மாவும் கூட வந்தாள். எனக்குத் துணைக்கு என்று நினைத்தேன். பஸ்ஸில்தான் தெரிந்தது, மடியில் இருந்த பர்ஸில் அந்தச் சங்கிலி. கல்பாக்கம் கல்யாணத்துக்கு அடகு போய்த் திரும்பி வந்த அதே சங்கிலி. அதை ஈடாகக் கொடுத்தாவது கடனைத் தீர்த்துவிட்டு வருவதற்காகவே வந்திருக்கிறாள்.

அன்றைக்கு அந்தப் பையன் புதிதாக ஒன்று சொன்னான். மேனேஜ்மென்ட் மனசு வைத்து அறுபதாயிரம் குறைக்கிறதாம். இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். சலுகை எங்களுக்கு வேண்டாம், பொய்யான வரிகளை அடித்துக் கொடு என்றேன். அம்மா என் கையை அழுத்தினாள். பர்ஸின் ஜிப்பைத் திறந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பதினோராம் பக்கத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன்.

அம்மா முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பையனைப் பார்த்தாள்.

"சனிக்கெழம எங்க வூட்டுக்காரரு நடந்தாரா?"

"அப்டித்தான் என்ட்ரி ஆயிகீதுமா."

"நான் அந்தக் கண்ணாடிக் கதவாண்ட மூணு நாளும் ஒக்காந்துகினு இருந்தேன்பா. கையக்கூட ஆட்டல அவரு. நடந்திருந்தா என்னாண்ட வந்திருக்க மாட்டாரா?"

அம்மா ஜிப்பை மூடினாள். "வாடி, இது அவரு கடன் இல்ல" என்று எழுந்தாள்.

நாங்கள் கொடுக்க வேண்டிய மீதி ஒன்பதாயிரத்தை மட்டும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன். செங்கல்பட்டில் நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டாகிவிட்டது. தம்பி போட்ட கையெழுத்து நமக்கு எதிராக நிற்கும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஜெயிப்போம் என்று உங்களுக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். எனக்கே தெரியாது.

ஆனால் நேற்று ஜும்மா முடிந்ததும் தம்பி அதே இடத்தில் மறுபடியும் எழுந்து நின்றான். "அன்னிக்கு ஆஸ்பத்திரி பாக்கின்னு சொன்னேன். அவங்க எழுதினது பொய்யி. எங்க அத்தா மேல கடன் இல்ல." அம்மா வாசலில் நின்று மைக்கில் கேட்டாள். ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒன்று மட்டும் என்னால் விட முடியவில்லை. பதினோராம் பக்கத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அந்தக் காகிதத்தில் மட்டும் நீங்கள் சனிக்கிழமை காலையில் எழுந்து நடந்திருக்கிறீர்கள், இட்லி சாப்பிட்டிருக்கிறீர்கள், மறுபடியும் சாயங்காலம் நடந்திருக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு வேளை நிஜமாக இருந்திருந்தால், அத்தா, அவர்கள் கேட்டதற்கு மேலேயே கட்டியிருப்பேன். லிஸ்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

இல்லாததால் ஒரு பைசா தர மாட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த ஆறு வரியையும் அவர்கள் கையாலேயே அடிக்க வைப்பேன். உங்கள் கடன் விறகுக்கடையோடு தீர்ந்தது. நீங்கள் நிம்மதியாகப் படுத்திருங்கள்.

இப்படிக்கு,
லிஸ்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்
உங்கள் மூத்த மகள்