நான்கு மணிக்கு மேல்

14.3.96

ஈவ்லின்,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. உப்புமா கிண்டித் தட்டில் மூடி வைத்திருக்கிறேன். கேஸ்காரர் வருவார், காலி சிலிண்டர் கதவோரம் இருக்கிறது.

அரிசி டப்பாவில் நீ ஒளித்த மாத்திரைகளைப் பார்த்துத்தான் நேற்று கத்தினேன். கத்தியது தப்பு.

நம் மகள் ஆஷ்லி இறந்த தவக்காலத்தில் நிறுத்திய கறி, முட்டை, பாலை மூன்று வருடமாகியும் நீ தொடவில்லை. "பி-12 சத்து குறைஞ்சா இப்படிப் பயம் வரும்மா, இல்லாத சத்தம்கூட கேக்கும்" என்றார் டாக்டர். மாத்திரை போட்ட இரண்டு மாதத்தில் பயம் போனது. நான்கு மணிக்குப் படியேறி வரும் அவளுடைய ஸ்கூல் ஷூ சத்தமும் போனது.

"பயம் மட்டும் போயிருந்தா முழுங்கியிருப்பேங்க" என்றாய். ஆனால் உன்னையும் இழக்க என்னால் முடியாது. இன்றைய மாத்திரை தட்டின் பக்கத்தில் இருக்கிறது. போட்டுக்கொள்.

வால்டர்

எனக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை, ஈவ்லின். மாத்திரையை நான்கு மணிக்கு மேல் போடு. அவள் வந்தால், அப்பா கேட்டதாகச் சொல்.